கமிட் போடாமல் போன ஒரு மதியம்

ரொம்ப நாளாக என் வேலை இப்படித்தான் ஓடியது: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு க்வெரி (தரவைக் கேட்கும் கட்டளை) போடு, முடிவை சிஎஸ்வி கோப்பாக இறக்கு, பைத்தானில் படித்துத் திருத்து, மறுபடி ஏற்று. ஒருநாள் முந்தைய நாள் கோப்பை ஏற்றித் தொலைத்தேன். அன்றைக்குத்தான், நடுவில் கோப்பே வேண்டாம், ஸ்கிரிப்டிலிருந்து நேராகப் போஸ்ட்கிரெஸோடு பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பைத்தானையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கும் சைகோபிஜி2 நிரலகத்தை நிறுவும்போதே, அதற்குத் தேவையான பிஜி_கான்ஃபிக் என்ற கருவி இல்லை என்று நின்றது. முன்பே தொகுத்து வைத்த அதன் பைனரி பொதியைப் போட்டதும் சரியானது. அடுத்தது கடவுச்சொல். டெர்மினலில் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல் எதுவும் கேட்காமல் உள்ளே விடுகிறது. அதே பயனர் பெயரோடு ஸ்கிரிப்ட் போனால் கதவைச் சாத்துகிறது. வாசல் இரண்டு என்பது பிறகுதான் புரிந்தது. ஹோஸ்ட் பெயர் கொடுக்காவிட்டால் அதே கணினிக்குள்ளான யூனிக்ஸ் சாக்கெட் வழி. அங்கே கணினிப் பயனர் பெயரைப் பார்த்தே அனுமதிக்கும்படி விதி இருந்தது. நான் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியதால் நெட்வொர்க் வாசலான 5432 போர்ட் வழியாகப் போயிருக்கிறேன். அந்த வழிக்குக் கடவுச்சொல் வேண்டும்.

தரவைப் படிக்கும் செலக்ட் கட்டளை ஓடியது. மகிழ்ச்சியில், தேட வேண்டிய பெயரை அப்படியே க்வெரிக்குள் ஒட்டினேன். ஒற்றை மேற்கோள்குறி உள்ள பெயர் ஒன்று வந்ததும் எல்லாம் உடைந்தது. (உள்ளிடும் மதிப்பு வழியே க்வெரியையே மாற்றிவிடும் எஸ்க்யூஎல் இஞ்செக்‌ஷன் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.) சரி, மதிப்பைத் தனியாக அனுப்பலாம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் வேறொரு பிழை. ஒரே ஒரு மதிப்பு என்றால் அதன் பின்னால் ஒரு கமா வேண்டும்; இல்லாவிட்டால் பைத்தானுக்கு அது டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) இல்லை, வெறும் சரம் (எழுத்துத் தொடர்). அந்தச் சரத்தின் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி மதிப்பாகிவிடுகிறது. அந்தக் கமாவுக்கு அரை மணி நேரம் போனது.

உண்மையான கூத்து, தரவை மாற்றும் அப்டேட்டில். 312 வரிசைகள் மாறியதாக, எண்ணிக்கை தரும் ரோகவுன்ட் சொன்னது. ஸ்கிரிப்டுக்குள்ளேயே செலக்ட் போட்டால் புது மதிப்பு. இன்னொரு ஜன்னலில் பார்த்தால் பழையது. தப்பான தரவுத்தளமோ என்று முகவரியை நாலு தடவை சரிபார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம் என்று பைத்தான் ப்ராம்ப்ட்டில் கையால் அடித்து, அப்டேட் வரை ஓட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது ஜன்னலில் அதே வரிசையை மாற்றப் பார்த்தால் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே நிற்கிறது. பிழையும் இல்லை, பதிலும் இல்லை. மூன்றாவது ஜன்னலில், எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பார்த்தபோது என்னுடைய ப்ராம்ப்ட்டே மாட்டியது: ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’. அதாவது, மாற்றத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா நிற்கிறது. அந்த வரிசைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு சாவியோடு உட்கார்ந்திருந்தது நான்தான்.

பைத்தானின் தரவுத்தள இடைமுக விதி, பெப் 249, ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையும் தானாகப் பதிவாவது) தொடக்கத்தில் அணைந்திருக்க வேண்டும் என்கிறது. முதல் க்வெரியிலேயே டிரான்சாக்‌ஷன் திறந்துவிடும். கமிட் (மாற்றங்களை நிரந்தரமாகப் பதி) என்று சொல்லாமல் இணைப்பை மூடினால் செய்ததெல்லாம் ரோல்பேக், அதாவது ரத்து. பிஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு கட்டளையும் தானாகப் பதிவாகிப் பழகியவனுக்கு இது தோன்றவே இல்லை. ப்ராம்ப்ட்டில் கமிட் அடித்த அதே நொடி இரண்டாவது ஜன்னல் உயிர் பெற்றது.

இப்போது பைத்தானின் வித் தொகுதிக்குள் எழுதுகிறேன். பிழையில்லாமல் முடிந்தால் கமிட், இடையில் விழுந்தால் ரோல்பேக். சைகோபிஜி2இல் அது இணைப்பை மூடாது, அதை நாமேதான் மூட வேண்டும்.

போன வாரம் பெரிய அட்டவணை ஒன்றை ஃபெட்ச்ஆல் போட்டு மொத்தமாக இழுத்து நினைவகம் முட்டி நின்றது. முடிவுகளைப் படித்துத் தரும் சைகோபிஜி2இன் கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்து லூப்பில் படித்ததும் வரிசைகள் 2000, 2000 ஆக வர ஆரம்பித்தன. பழைய சிஎஸ்வி ஃபோல்டரை நேற்றுதான் அழித்தேன்.