ரத்தத்தில் தெரியும் மூளை

அல்சைமர் என்ற மறதி நோயா இல்லையா என்று உறுதிசெய்ய இத்தனை காலமும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கதிரியக்க மருந்து செலுத்தி மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன். இரண்டுமே வயதானவர்களைப் பாடாய்ப் படுத்தும். இப்போது கையில் எடுக்கும் சாதாரண ரத்தமே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது, நினைக்கவே அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் எங்கே என்றால், மூளையிலிருந்து ரத்தத்துக்குக் கசிந்து வரும் புரதம் ரொம்பவே சொற்பம், மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் சில பங்கு. ரத்தத்தில் புரதத்தை அளக்கும் பழைய எலிசா சோதனைக்கு இதைப் பிடிப்பது பெரும்பாடு. அதைவிட நுட்பமான சிமோவா என்ற முறையில் நுண்ணிய காந்த மணிகள் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு மணியும் தன் அளவே உள்ள குழிக்குள் போய் உட்காரும், புரதம் ஒட்டிய மணி இருந்தால் அந்தக் குழி ஒளிரும். ஒளிர்கிற குழிகளை எண்ண வேண்டியதுதான்!

நரம்பிழைகள் சேதமானால் கசியும் நியூரோஃபிலமெண்ட் லைட் என்ற புரதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ், நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலைக்காயம் எதிலும் அது ஏறும், ஆனால் எந்த நோய் என்று சொல்லாது. இருந்தும் 2023-இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ, எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தால் வரும் ஏஎல்எஸ்ஸுக்கான டோஃபெர்சென் மருந்துக்கு விரைவு அனுமதி தந்தது, ரத்தத்தில் இந்தப் புரதம் குறைந்ததை வைத்துத்தான்.

2025 மே மாதம் அல்சைமருக்காக பி-டாவ்217 என்ற மூளைப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. தயவுசெய்து கவனியுங்கள், அது வயது கூடி, ஏற்கெனவே ஞாபகக் குறைவு போன்ற அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். சிறுநீரகம் பழுதானாலே இந்த அளவு ஏறலாம், அதனால் ரிப்போர்ட்டைத் தனியாகப் படித்துப் பயப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.