எண்ணெய்க்குப் பணிவு கற்பித்தல்

நான்கு கால்களில் நடக்கும் ஹைட்ராலிக் ரோபோ, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ரோபோ ஒன்றை உருவாக்கிய குழுவில், கால்களின் கட்டுப்பாடு என் பொறுப்பில் இருந்தது. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அதன் வலிமையைக் கண்டே வியப்பார்கள். ஆனால் ஹைட்ராலிக்கில் வலிமை எளிதாகவே கிடைத்துவிடும். 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டருக்குள் 160 பார் அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தினால், விரல் பருமனே உள்ள பிஸ்டன் சுமார் 3,200 நியூட்டன் விசையுடன், அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கும் அளவுக்குத் தள்ளும். பாதம் தரையைத் தொடும் கணத்தில் அந்தக் காலைச் சற்றே விட்டுக்கொடுக்க வைப்பதுதான் கடினம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அதற்கே சென்றது.

இதற்குக் காரணம் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. அது எளிதில் சுருங்காது. மின் கட்டளைக்கேற்பத் திறந்து மூடும் சர்வோ வால்வு நேரடியாகக் கட்டுப்படுத்துவதும் விசையை அல்ல, எண்ணெய் பாயும் அளவையே; ஆகவே தரை நாம் கணக்கிட்டதைவிட ஓரிரு மில்லிமீட்டர் மேடாக இருந்தாலும், இடத்தை மட்டும் இலக்காகக் கொண்ட கட்டுப்பாடு காலை விடாமல் அழுத்தும், உடல் தூக்கிப் போடும். எனவே ஒவ்வொரு சிலிண்டரின் முனையிலும் லோட் செல் என்னும் விசை உணரியைப் பொருத்தி, நொடிக்கு 1,000 முறை விசையை அளந்து, அதற்கேற்ப வால்வைத் திருத்தினோம். பிஸ்டனின் ஒரு பக்கத்தில் 10 மில்லிமீட்டர் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிழுக்கும்போது கிடைக்கும் விசை சுமார் 1,960 நியூட்டன்தான். வால்வுக்கு ஒரே அளவு கட்டளை தந்தாலும் இரு திசைகளிலும் வேகம் வேறுபடும். மேலும், பாய்வு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுமை ஏறும்போது வால்வின் பதில் மந்தமாகிறது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு ஈடுசெய்த பிறகுதான், முழங்காலை ஒரு சுருள்வில்லைப் போல நடந்துகொள்ளச் செய்ய முடிந்தது. அந்த வில்லின் விறைப்பு மென்பொருளில் எழுதிய ஓர் எண் மட்டுமே. அதைக் குறைத்துவிட்டுப் பாதத்தைக் கையால் தள்ளினால், அத்தனை விசை கொண்ட கால் இலகுவாகப் பின்வாங்கும்.

எண்ணெய் செல்லும் ஹோஸ் குழாயை மாற்றிய ஒவ்வொரு முறையும், குறைந்த அழுத்தத்தில் காலை மெதுவாக முழுநீளத்துக்கு நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றுவோம். முதலில் நுரைத்து வெளுத்து வரும் எண்ணெய் தெளியும் வரை பொறுமை தேவை. உள்ளே சிறிது காற்று தங்கினாலும் விசையின் வரைபடம் நடுங்கும். நிரலை எத்தனை திருத்தினாலும் பயனிருக்காது. கசிவைத் தேடும்போது ஒருபோதும் கையை வைத்துத் தடவக் கூடாது, காகித அட்டையைத்தான் காட்ட வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்வேன். இயங்கும்போதுள்ள உயர் அழுத்தத்தில் ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர் உருவாக்கிய நான்கு கால் ஊர்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை எழுகிறது. அதில் கணினி இல்லை. ஓட்டுநர் தம் கைகளால் முன்கால்களையும், தம் கால்களால் பின்கால்களையும் இயக்கினார். கால்கள் உணர்ந்த எதிர்விசை ஹைட்ராலிக் வழியாகவே அவரிடம் திரும்பி வந்தது. தொடுகை தெரியாமல் நடை வராது என்பதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். ஆனால் நான்கு கால்களையும் ஒரே மனிதர் ஒருங்கிணைப்பது மிகுந்த களைப்பைத் தந்தது.

பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் அட்லஸ் என்னும் தன் மனித வடிவ ஹைட்ராலிக் ரோபோவுக்கு 2024 ஏப்ரலில் ஓய்வளித்து, மின்மோட்டாரால் இயங்கும் புதிய வடிவத்தை வெளியிட்டது. இரைச்சலையும் கசிவையும் அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில், மனிதர்களுக்கு நடுவே உலவும் ரோபோவுக்கு அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பெருஞ்சுமை தாங்கும் இயந்திரங்களில் எண்ணெயின் இடம் அப்படியே இருக்கிறது. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில், சுமார் 12 டன் எடையுள்ள கால்கொண்ட அகழ்வு இயந்திரம் ஒன்றில் சர்வோ வால்வுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கால்களின் சிலிண்டர் விசையை அளந்தபடியே அது கரடுமுரடான நிலத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.