இறை முன்னறிவும் விருப்பச் சுதந்திரமும்: வகுப்பில் எங்கே நிற்க வேண்டும்

சமய மெய்யியல் வகுப்பில் இந்தப் பாடம் தொடங்கியதும் மாணவர்கள் ஏறத்தாழ ஒரே வாதத்தைச் சொல்வார்கள்: "கடவுளுக்குத் தெரிந்தது கட்டாயம் நடக்கும். சீடர் பேதுரு இயேசுவை மறுதலிப்பார் என்று கடவுளுக்கு முன்பே தெரியும். ஆகவே பேதுருவுக்கு வேறு வழியில்லை."

இதைக் கரும்பலகையிலேயே பிரித்துக் காட்டிவிடலாம். ஆறாம் நூற்றாண்டு மெய்யியலாளர் போயேத்தியஸ் தந்த உதாரணம் போதும். ஒருவர் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரிந்தால், அவர் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அதற்காக அவரால் எழுந்திருக்க முடியாது என்றாகுமா? கட்டாயம் 'தெரிந்தால் நடக்கும்' என்ற தொடர்பில் இருக்கிறது, செயலில் இல்லை. பத்து நிமிட வேலை. பாடத்தை இதோடு முடிப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. வாதத்தின் வலுவான வடிவம் இன்னும் வரவேயில்லை.

அதை 1965இல் மெய்யியலாளர் நெல்சன் பைக் முன்வைத்தார். ஜோன்ஸ் சனிக்கிழமை புல் வெட்டுவார் என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே கடவுள் நம்பினார். ஜோன்ஸால் வெட்டாமல் இருக்க முடியுமென்றால் மூன்றில் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்: அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவது, அன்று அந்த நம்பிக்கையே இருந்ததில்லை என்றாக்குவது, அன்று நம்பியவர் கடவுளே அல்ல என்றாக்குவது. மூன்றும் நடவாது: கடவுளின் நம்பிக்கை தவறாது, கடந்தகாலம் மாறாது. நண்பரின் கணிப்போடு ஒப்பிடுவதும் இங்கே உதவாது, நண்பரின் கணிப்பு தவறலாம்.

இதன்பின் ஒவ்வொரு தீர்வும் எந்த எடுகூற்றை (வாதம் நிற்கும் அடிப்படைக் கூற்றை) மறுக்கிறது என்று பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். போயேத்தியஸ் '80 ஆண்டுகளுக்கு முன்' என்பதை மறுக்கிறார்: கடவுள் காலத்துக்கு அப்பாற்பட்டவர், எல்லாமே அவர்முன் ஒரே நிகழ்காலம். அழகான விடைதான். ஆனால் சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்று இயேசு பேதுருவிடம் சொன்னது காலத்துக்குள் நடந்து முடிந்த பேச்சு. அங்கே இந்த விடை எட்டுவதில்லை. 14ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் ஒக்காம், கடவுளின் முன்னறிவு வரப்போகும் செயலைச் சார்ந்திருப்பதால் அது முழுக்க முடிந்துபோன ஒன்றல்ல என்றார். எனக்கு இதுவே நம்பிக்கை தரும் வழி. ஆனாலும் வாயால் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனம் இதையும் சோதிக்கிறது. 1588இல் இறையியலாளர் மொலினா சொன்ன இடையறிவு (எந்தச் சூழலில் யார் எதைச் சுதந்திரமாகச் செய்வார் என்று கடவுள் அறிவது), கடவுள் எப்படி அறிகிறார் என்பதை விளக்குகிறது. கடந்தகாலம் மாறாது என்ற கூற்றுக்கு அது மட்டும் விடையாகாது.

விடைத்தாள்களில் அதிகம் வருவது 'அறிவது காரணமாகாது' என்ற வரி. பண்டைய இறையியலாளர் அகஸ்டீன் காலத்திலிருந்தே இருக்கும் சரியான கருத்து. ஆனால் பைக்கின் வாதத்தில் காரணம் என்ற பேச்சே இல்லை. எந்த எடுகூற்றை மறுக்கிறோம் என்று சொல்லாமல் அந்த வரியோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான்.