சரளமாகத்தான் வாசிக்கிறாள்

செப்டம்பர் 9, செவ்வாய்
இந்தப் பருவத்தில் என் வகுப்பில் இருப்பவர்கள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு சொல்லித்தரப் போகிறவர்கள். முதல் நாளே 1974இன் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கை எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் ஆங்கிலம் புரியாத பிள்ளைகளைச் சமமாக நடத்தியதாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. சட்டம் என்றதும் சிலருக்குக் கண் சொருகியது. பள்ளிக்குப் போனால் விளங்கிவிடும்.

செப்டம்பர் 18, வியாழன்
வாசிப்புப் பதிவுத் தாள்கள் வந்தன. பிள்ளை உரக்க வாசிக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் குறி போட வேண்டும். ஸ்பானிஷ் பேசும் ஒரு பையன் ‘ஷிப்’பை ‘ஷீப்’ என்றே வாசித்திருக்கிறான். வந்த இடமெல்லாம் பிழை என்று குறித்திருந்தார் என் வகுப்பு மாணவி. அந்தக் குறில் நெடில் வேறுபாடு ஸ்பானிஷில் கிடையாது. கப்பல் மூழ்கியதைப் பையன் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான், அதையும் அவரே கீழே எழுதியிருக்கிறார்! உச்சரிப்பு வேறு, வாசிப்புப் பிழை வேறு.

அக்டோபர் 2, வியாழன்
பள்ளிக்குப் போனேன். நான்காம் வகுப்புச் சிறுமி எரிமலை பற்றிய பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். “என்ன படித்தாய்?” என்றதும் கடைசி வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள். பயிற்சி ஆசிரியர் தாளில் ‘மிக நன்று’ என்று எழுதப் போனார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வகுப்பு உதவியாளர் ஸ்பானிஷில் கேட்டார். அவ்வளவுதான், பாறைக்குழம்பு எப்படி மேலே ஏறுகிறது, அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். விஷயம் தெரிந்தவள்தான். இரண்டு மூன்று கிளைகளாக நீளும் ஆங்கில வாக்கியத்தில்தான் இடறுகிறாள். இனி அவளுக்கு எழுத்தொலிப் பயிற்சி கொடுப்பது வீண். அந்த வாக்கியத்தைத் துண்டாக்கிப் பேச வைக்க வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி
வாசிப்பு ஆய்வாளர்கள் காஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்னதைப் பலகையில் எழுதினேன்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழிப் புரிதலால் பெருக்கினால் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த தேசிய எழுத்தறிவுக் குழு அறிக்கையும் இதை ஒட்டித்தான் பேசுகிறது. சொற்களை வாசிப்பதில் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள், பின்தங்குவது புரிதலில். பையனின் தாளையும் சிறுமியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வகுப்பில் பேச்சு சூடுபிடித்தது. இன்று யாரும் தூங்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி
துறைக் கூட்டம். பயிற்சி ஆசிரியர்களுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் வேகத்துக்கு ஒரு கட்டம், பிழைக்கு ஒரு கட்டம், புரிதலுக்கு ஒன்றுமில்லை. ‘எந்த மொழியிலும் திருப்பிச் சொல்லலாம்’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். பள்ளிக்குப் போய்வரும் நேரம் பதவி உயர்வுக் கணக்கில் ஏறாது என்பதால் இதிலெல்லாம் பலருக்கு அக்கறை இல்லை. ஆனால் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: பிள்ளை அரபியில் சொன்னால் யார் கேட்டுப் புரிந்துகொள்வது? பதிவு செய்து வைக்கலாம் என்றேன். சரி, முதலில் ஒரு பள்ளியில் முயன்று பாருங்கள் என்று முடித்தார்கள். அரபி தெரிந்த உதவியாளர் கிடைப்பாரா என்று திங்களன்று விசாரிக்க வேண்டும்.