பனியுகம் தேடிப் போய் ஆட்டோவுக்குத் தண்டம் அழுத கதை

வயிற்றெரிச்சல் அடங்க முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூலைக்கரைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், குளத்துக்கரை வரை போக ஆட்டோக்காரர் கேட்டது 400 ரூபாய். திருநெல்வேலியிலிருந்து இரண்டு பேர் பஸ்ஸில் வந்த செலவு அதில் கால்வாசிகூட இல்லை. எங்கள் கையிலிருந்த ஆளுயரப் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்து, ஆழ்துளைக் கிணறு போட வந்தவர்கள் என்று நினைத்திருப்பார். "திரும்பும்போது சும்மா வரணுமே அண்ணாச்சி" என்றார். சித்திரை வெயிலில் வாதாட முடியவில்லை, கொடுத்தேன்.

குழாய் என் அக்கா மகளுடையது. மகரந்தத் துகளை வைத்துப் பழங்காலத் தாவரங்களைக் கண்டறிவது அவளுடைய படிப்பு. குளத்தின் அடியில் ஆண்டுக்காண்டு வண்டல் படிகிறது. காற்றிலும் தண்ணீரிலும் வரும் மகரந்தம் அதில் புதைகிறது. துகளின் வெளித்தோடு அவ்வளவு கெட்டி என்பதால், காற்றுப் படாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1916இல் அடுக்கு அடுக்காக அதை எண்ணி வரைபடம் போட்டுக் காட்டிய வழியில்தான் இன்றும் போகிறார்கள். இவ்வளவும் பஸ்ஸிலேயே எனக்குப் பாடமாகிவிட்டது. அப்படியானால் பனியுகத்துச் செடிகொடிகளின் மகரந்தமும் நம் குளத்தடியில் கிடக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கைவைக்கக் கூடாது. அங்கே கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் பார்த்தோம். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். குழாயை இறக்கியது பக்கத்து ஊர்க் குளத்தில், ஊராரிடம் கேட்டுக்கொண்டு.

பாதி வற்றிய குளம். முழங்கால் வரை சேறு. குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, வாயை அடைத்து இழுத்தபோது 'பொளக்' என்று ஒரு சத்தம். நீள வாக்கில் பிளந்தால் மேலே சாம்பல் சேறு, கீழே பழுப்பு, நடுவே செம்மண் கோடு ஒன்று. பனியுகமே கைக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "புதையலா தேடுகிறீர்கள்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "கோடைக்குக் கோடை இந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில்தானே கொட்டுகிறோம். அடுக்கு எங்கே இருக்கப் போகிறது?"

என் முகம் விழுந்துவிட்டது. மருமகள் மட்டும் அமைதியாக, "நம் குளங்கள் மனிதர் வெட்டியவை மாமா. கோடையில் வற்றி வெடித்தால் மகரந்தமும் மக்கிப்போகும். மேல்மண்ணில் சீமைக்கருவேலம் எவ்வளவு என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றாள். 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த மரம் அது. அதன் மகரந்தம் இருக்கும் மண்ணுக்கு வயது அதற்கு மேல் போகாது. இதைக் கிளம்பும்போதே சொல்லியிருந்தால் 400 ரூபாய் மிச்சம்.

பிறகு எங்கேதான் பனியுகம்? இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில், 2,000 மீட்டருக்கு மேல், மக்காத தாவரங்கள் சேர்ந்து கறுத்த சதுப்பு மண்ணில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்து, அங்கே காடு குறைந்து வறண்ட திறந்தவெளி இருந்ததை அந்த மகரந்தம் காட்டுகிறது. கடல்மட்டம் இன்றைக்கு விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்த காலம். நம் கரையிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், ஆட்டோ வேண்டாம்.

மதியம் அக்கா வீட்டில் கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை மணம் தெருமுனையிலேயே வந்துவிட்டது. வடகத்தோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரே நல்ல பொருள்.

சாப்பிட்டதும் மைக்ரோஸ்கோப். எடுத்த மண் உடனே உதவாது. அமிலங்களில் சுத்தம் செய்ய வேண்டும். மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையும் தின்றுவிடுமாம், அதனால் பிளாஸ்டிக் பாத்திரம். முன்பே தயாரித்த தகடுகளைக் காட்டினாள். புல் மகரந்தம் உருண்டையாக, ஒற்றைத் துளையோடு. நெல்லோ அருகோ, எல்லாம் ஒரே ஜாடை. நாட்டுக் கருவேலம் அப்படியில்லை. பல துகள்கள் ஒட்டி, தையல் போட்ட பந்து போல இருக்கிறது. இன்னொன்றுக்கு இருபக்கமும் காற்றுப் பை. அகத்தியமலைக் காட்டில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனத்து மரமாம், ஆனால் இலை ஊசியாக இருக்காதாம்.

ஒரு அடுக்குக்குக் குறைந்தது 300 துகளாவது எண்ண வேண்டும் என்று என்னை உட்கார வைத்தாள். 112இல் வாசலில் மோர்க்காரி குரல் கொடுத்தாள். கண்ணை எடுத்தேன்.

"முதலிலிருந்து எண்ணுங்கள் மாமா."