சீலிங் மூடுவதற்கு முன்

பெரிய வணிகக் கட்டிடங்களுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்க வழி செய்வதுதான் என் வேலை. பக்கத்திலேயே டவர் நிற்கிறதே, உள்ளே ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது என்றுதான் எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் கண்ணாடிதான். வெயிலின் சூடு உள்ளே வராமல் இருக்க இப்போதெல்லாம் மெல்லிய உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி போடுகிறார்கள், அது ரேடியோ அலையையும் சேர்த்தே தடுத்துவிடும். 30 டெசிபல் வரை இழப்பு சர்வ சாதாரணம், அதாவது வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வந்து சேரும். பேஸ்மென்ட் பார்க்கிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஆபரேட்டரின் கருவியைக் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு அறையில் வைத்து, அங்கிருந்து கேபிள் இழுத்து, மாடிக்கு மாடி சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வைக்கிறோம். கணக்கு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபல் போகும், நான்காகப் பிரித்தால் 6. அரை இன்ச் கேபிளில் 100 மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல், 2100-இல் 11 வரை போகும். முதல் ஆன்டெனாவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாமல், கடைசி ஆன்டெனாவுக்கும் போய்ச் சேரும்படி, சிக்னலில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் கப்ளர்களை வைத்துப் பங்கு போட வேண்டும், அவ்வளவுதான், மென்பொருளே போட்டுக் கொடுத்துவிடும்.

அப்புறம் சைட்டுக்குப் போனால், வரைபடத்தில் ஆன்டெனா இருக்கும் இடத்தில் ஏசி டக்ட் போயிருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தீயணைப்புக் குழாய்க்காரர், மின்சாரக்காரர், ஏசிக்காரர் எல்லாரும் இடம் பிடித்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள், அதுவும் நாளைக்கு சீலிங் மூடப்போகிறோம் என்ற நிலையில். ஆன்டெனா கண்ணில் படக்கூடாது, சீலிங்குக்கு மேலே வைத்துவிடுங்கள் என்று உள்ளலங்காரம் செய்பவர்கள் சொல்வார்கள். ஜிப்சம் போர்டாக இருந்தால் சரி என்று விடலாம். உலோகத் தகடாக இருந்தால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை, ஏனென்றால் அலை கீழே இறங்காது என்பதோடு அந்தத் தகட்டின் தளர்ந்த இணைப்புகளே புதிதாக இடைஞ்சலைக் கிளப்பும்.

இந்த இடைஞ்சலைத்தான் எங்கள் தொழிலில் பிம் என்கிறோம். இரண்டு அலைவரிசைகள் சரியாக இறுகாத ஒரு கனெக்டரையோ துருவையோ கடக்கும்போது ஒன்றோடொன்று கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அது போய் போனிலிருந்து வரும் சிக்னலைக் கேட்கிற அலைவரிசையில் விழுந்துவிட்டால், போனில் முழுக் கோடு தெரியும், ஆனால் பேச்சு அறுந்து அறுந்து போகும், ஒரு போட்டோகூட அனுப்ப முடியாது. அனுப்பிய சிக்னலில் எவ்வளவு எதிரொலித்துத் திரும்புகிறது என்று பார்க்க சாதாரணமாக எடுக்கிற விஎஸ்டபிள்யூஆர் அளவில் இது தெரியாது. தலா 20 வாட்டில் இரண்டு அலைகளை அனுப்பிப் பார்க்க வேண்டும், அவை கலந்து பிறந்து திரும்பி வருவது அனுப்பியதைவிட 150 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும். அளந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஏணியில் ஏறி ஒவ்வொரு கனெக்டராக லேசாகத் தட்டுவார். நல்ல கனெக்டர் என்றால் எண் அசையாது, கோளாறு உள்ளதைத் தட்டியதும் திரையில் சட்டென்று ஏறும்.

கனெக்டர் போடுவதில் நல்ல கைக்காரரைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். செம்புத்தூள் உள்ளே விழாமல் இருக்க கேபிளின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து அறுப்பார், ஓரத்துப் பிசிறை நீக்குவார், பிரஷ்ஷால் துடைப்பார். இறுக்கும்போது கனெக்டரின் உடலை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும்தான் திருப்புவார், உடலும் சேர்ந்து சுற்றினால் உள்ளே ஊசி உரசித் தூள் கிளம்பும். கடைசியில் டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்குவார். இவ்வளவையும் ஏணி மேல் நின்று, கழுத்தை அண்ணாந்தபடி செய்கிறார். இவருக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு வேகமாகப் போடு என்று விரட்டுவது எனக்கு ஆத்திரத்தையே தருகிறது. மொத்தக் கட்டிடத்தின் சிக்னலும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

மேல் மாடிகளில் வேறு விதமான சிக்கல். அங்கே ஜன்னலோரம் தூரத்து டவர்கள் எல்லாமே எட்டிப் பார்க்கும், போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கும். நம் சிக்னல் வெளியே இருந்து வருவதைவிட 6 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் போன் நிலையாக நிற்கும். அதற்காக ஜன்னல் பக்கத்தில் ஆன்டெனாவை உள்நோக்கித் திருப்பி வைப்போம். லிஃப்ட்டுக்கும் லிஃப்ட் வாசலுக்கும் ஒரே செல்லை, அதாவது போன் தொடர்பு வைத்திருக்கும் ஒரே சிக்னல் வட்டத்தை, கொடுத்துவிடுவேன், கதவு மூடுகிற அந்த நொடியில் போன் செல் மாறத் தேவையிருக்காது.

பிம் சோதனை முடியாமல் எந்த மாடியிலும் சீலிங் மூடக்கூடாது என்றும், ஒவ்வொரு ஸ்ப்ளிட்டருக்கும் கீழே திறந்து மூடும் பலகை வேண்டும் என்றும் இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். இழுபறி இல்லாமல் நடப்பதில்லை, ஆனாலும் விடுவதில்லை. பழைய ஸ்ப்ளிட்டர்கள் பலவும் 2700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். 3500-இல் 5ஜி கொண்டுவர வேண்டும் என்றால் அவற்றை மாற்றியே ஆக வேண்டும், பலகை வைத்த கட்டிடத்தில் ஏணி போட்டுத் திறந்து மாற்றிவிடலாம், மற்றவற்றில் சீலிங்கை அறுக்க வேண்டியிருக்கிறது.