சமம்தான், ஆனால் 65 வயதுக்கு மேலேயும் சமமா?

புது மருந்தும் பழைய மருந்தும் சமம் என்று காட்டுவதற்காக நாங்கள் நடத்திய ஆய்வு அது. குணமானவர்களின் சதவீதத்தில் வித்தியாசம் 10 புள்ளிக்குள் இருந்தால் சமம் என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். எண்களை முழு எண்களாக்கிச் சொல்கிறேன்: மொத்தத்தில் பழைய மருந்துக்கு 1 புள்ளி சாதகம், 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு, −4 முதல் +6 வரை (கூட்டல் என்றால் பழைய மருந்துக்குச் சாதகம், கழித்தல் என்றால் புதியதற்கு). இடைவெளி முழுதும் 10க்குள் அடங்கியது; சரி, சமம்.

அப்புறம்தான் வயதுவாரியாகப் பிரித்தோம், இரு பக்கமும் பாதிப் பாதி ஆட்கள். 65க்குக் கீழே −2, இடைவெளி −9 முதல் +5. மேலே +4, இடைவெளி −3 முதல் +11. அந்த 11ஐப் பார்த்ததுமே குழுவில் இருந்த மருத்துவர், வயதானவர்களுக்கு இந்த மருந்து சமமில்லை என்று எழுதச் சொன்னார். இன்னொருவர், வயதுக்குத் தகுந்து பலன் மாறுகிறதா என்று பார்க்கும் இன்டராக்‌ஷன் டெஸ்ட் போட்டார், பி-வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வரும் வாய்ப்பு) 0.24 வந்தது, வயதால் வித்தியாசமே இல்லை, விஷயம் முடிந்தது என்றார்.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆளைப் பாதியாக்கினால் இடைவெளி அகலமாகத்தான் செய்யும், 10 என்ற எல்லையை அதன் நுனி தாண்டியதாலேயே சமமில்லை என்று ஆகிவிடாது. 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் தெளிவாகப் பலன் தந்தது, ஆனால் பிறந்த தேதிப்படி பிரித்துப் பார்த்தபோது மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு மட்டும் பலன் இல்லாதது போல, வெறும் தற்செயலாக, வந்தது. இதைச் சொன்னதும் மருத்துவர் இறங்கி வந்தார்.

0.24தான் எனக்குப் பெரிய தொல்லை. வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதை வைத்துச் சமம் என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தானே எல்லை வகுத்து ஆய்வே நடத்தினோம், துணைக்குழு என்றதும் அதே தர்க்கத்தைக் கைவிட்டால் எப்படி? இரு வயதுக் குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் 6, அதன் இடைவெளி −4 முதல் +16. அதாவது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 16 புள்ளி வரையும் போகலாம். மொத்த வித்தியாசத்தை அளந்த அதே துல்லியத்தில் இதை அளக்க வேண்டுமானால், குழுக்கள் சரிபாதியாக இருந்தாலே நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

கடைசியில் பி-வேல்யூவை முன்னால் நிறுத்தாமல் எல்லா இடைவெளிகளையும் அப்படியே அறிக்கையில் போட்டு, வயதானவர்களைப் பற்றி இந்த ஆய்வு எந்தப் பக்கமும் முடிவு சொல்லவில்லை என்று எழுதினோம். அடுத்த ஆய்வின் நெறிமுறையில் 65 என்ற பிரிவும், வயதானவர்களுக்குப் போதுமான எண்ணிக்கையும் முதல் நோயாளி சேரும் முன்பே எழுதியாகிவிட்டது.